நீ பேசிக்கிட்டு இருந்தது என்னோடதான்

ஐயா,

நல்லா இருக்கியா, சாப்பிட்டியான்னு கேட்டு ஆரம்பிக்க எனக்கு இப்போ பொறுமை கிடையாது. நேரா விஷயத்துக்கு வாரேன். ஒரே ஊர்ல இருந்துகிட்டு அம்மா கடுதாசி எழுதுறாளேன்னு நீ சிரிப்பே. சிரிச்சுக்கோ. நாங்க இருக்கிற லேக் கார்டன்ஸ்ல இருந்து நீ இருக்கிற கரியா என்ன காசி ராமேஸ்வரமா, ஆட்டோ மாறி ஏறினா வந்துரலாம். ஆனா வந்தா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்லா. ஷோமா டீ போட்டு எடுத்துட்டு வருவா. நீ ‘என்னம்மா இளைச்சுட்டே’ம்பே. நான் சொல்ல வந்ததை அப்படியே முழுங்கிட்டு, புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போடாம இருங்கன்னு பொதுவா எதையாவது உளறிட்டு வந்துருவேன். உன் மூஞ்சியப் பாத்தா எனக்குக் கோபம் நிக்காது. அது நீ பொறந்த நாள்ல இருந்து எனக்குள்ள வியாதி. அதான் எழுதுறேன்.

மூணு வாரமா நீ சாயங்காலம் கூப்பிடுற போனை நான் எடுக்கலை. ‘அம்மாவ வண்டி ஓட்டுறத விட்டுருன்னு சொன்னேன்லா, அதுக்குத்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கா’ன்னு நீ அப்பாகிட்ட சொன்னியாம். அதுக்கில்லைலே. கார் சாவியக் குடுன்னா குடுத்துட்டுப் போறேன், அதைப் பத்திப் பின்னாடி சொல்றேன். நான் போனை எடுக்காததுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணுதான். நீ என்னைக் கூப்பிடுறது வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கும்போது மட்டும்தான். காலையில கூப்பிட மாட்டே. ஞாயித்துக்கிழமை கூப்பிட மாட்டே. சால்ட் லேக்ல ஆபீஸ் விட்டு, வண்டி பைபாஸ்ல ஏறினதும் என் போன் அடிக்கும். ஒரு கையில ஸ்டீரிங், ஒரு கையில நான். இனிமே அந்தக் கையில நான் இருக்க மாட்டேன். இதைச் சொல்லத்தான் இத்தனை காகிதத்த எடுத்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

நான் ஏதோ வீராப்புக்குச் சொல்றேன்னு நினைக்காதே. அந்த நேரம் வந்தா எனக்கு இருப்புக் கொள்ளலை. அடுக்களைக்கும் ஹாலுக்குமா நடந்துகிட்டே இருக்கேன். நேத்து ரசம் வைக்கிறேன்னு டீத்தண்ணியில புளியக் கரைச்சு ஊத்திட்டேன். அப்பா ஒரு வாய் குடிச்சிட்டு, டம்ளரைத் தள்ளி வச்சிட்டு என்னைப் பாத்தாங்க. போன் அடிச்சா ‘நான் எடுக்கட்டா’ன்னு கேப்பாங்க. ‘எடுத்துப் பாருங்க, நாளைக்கு இந்த வீட்டுல யார் சோறு வடிக்கிறான்னு பாப்போம்’னு சொல்லிட்டேன். பாவம், பேப்பரை விரிச்சு மூஞ்சிய மறைச்சிக்கிட்டாங்க. உண்மையச் சொல்லட்டா? நாள் முழுக்க எனக்கு அந்த ஒரு அரைமணி நேரம்தான்லே. விசில் சத்தத்துல உன் பேச்சு கேக்காதுன்னு குக்கரை முன்னாடியே இறக்கிருவேன். டிவிய அணைச்சிருவேன். நீ ‘அம்மா, சிக்னல் விழுந்துட்டு, வைக்கட்டா’ம்பே. நான்தான் ‘இருலே, இதை மட்டும் கேட்டுட்டு வை’ம்பேன். உன் இண்டிகேட்டர் டிக் டிக்னு அடிக்கிறது எனக்குக் கேக்கும். பின்னாடி லாரிக்காரன் பொறுமையில்லாம ஹார்ன் அடிக்கிறது கேக்கும். நானும் இந்த ஊர்ல பதினஞ்சு வருஷமா வண்டி ஓட்டுறவதான், அது என்ன சத்தம்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் பேசிக்கிட்டு இருந்தேன்.

நான் ஏன் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? தொண்ணூறுகள்ல அப்பாவுக்குத் துறைமுக ஆபீஸ்ல மாத்தலாகி நாம இங்க வந்தப்ப உனக்கு எட்டு வயசு. பாளையங்கோட்டையில இருந்து வந்து இறங்கினவளுக்கு ஹிந்தியும் தெரியாது, பெங்காலியும் தெரியாது. வந்த முதல் வாரம், உன்னைப் பள்ளிக்கூடத்துல சேக்கிறதுக்காக பஸ்ல போறோம். காளிகாட் பக்கம் பஸ் திரும்புது. கண்டக்டர் படியில தொங்கிக்கிட்டு, தகரத்துல டமடமன்னு தட்டி, ‘பாயே! பாயே!’ன்னு கத்துறார். என்னைப் பாத்துத்தான் கத்துறார்னு நினைச்சேன். எனக்கு முன்னாடி ரெண்டு ஆம்பிளைங்க ஓடுற பஸ்ல இருந்து குதிச்சு இறங்கினதை வேற பாத்துட்டேன். சரி, இந்த ஊர் வழக்கம் இதுதான் போலிருக்கு, பாயச் சொன்னா பாயணும்னு, உன் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் பாஞ்சுட்டேன். என் முழங்கால் சிராய்ச்சு, புடவை கிழிஞ்சு, உன் தாடையில ரத்தம். பஸ்ஸே நின்னுட்டு. உள்ள இருந்த அத்தனை பேரும் இறங்கி வந்து என்னைத் திட்டுறாங்க. கண்டக்டர் தலையில கைய வச்சிக்கிட்டு படியிலேயே உக்காந்துட்டார். அன்னைக்குச் சாயங்காலம் மேல்வீட்டு பௌதி, அந்தப் பெங்காலி அண்ணி, வந்துதான் விளக்கம் சொன்னா, பாயேன்னா இவங்க பாஷையில இடதுபக்கம், வண்டிய இடதுபக்கம் ஒதுக்குன்னு டிரைவருக்குச் சொல்றதுன்னு. நம்ம எழுத்துல எழுதினா ரெண்டும் ஒண்ணுதானே, நான் என்னத்தக் கண்டேன்? அதுக்கப்புறம் ஒரு வருஷம், வீட்டுக்கு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் நீ சோபாவுல இருந்து பாஞ்சு காட்டி என் மானத்த வாங்கினே. ‘ஆஸ்தே லேடீஸ், கோலே பாச்சா’ன்னு தொண்டை கிழியக் கத்துவே. லேடீஸ் இறங்குறாங்க, கையில பிள்ளை இருக்கு, மெதுவா நிறுத்துன்னு கண்டக்டர் குடுக்கிற குரல் அது. கையில பிள்ளை இல்லாட்டியும் அதையேதான் சொல்லுவாங்க, அப்போதான் பஸ் முழுசா நிக்கும்.

அந்தச் சிராய்ப்பு ஆறுறதுக்குள்ள நான் முடிவு பண்ணிட்டேன், இந்த ஊர்ல குதிச்சுப் பிழைக்கிற பிழைப்பு நமக்கு வேண்டாம்னு. அப்பாவுக்கு ஸ்டீரிங்கத் தொட்டாலே உள்ளங்கை வேர்க்கும், அதனால நான்தான் கத்துக்கணும். பழைய அம்பாசிடர் ஒண்ணு வாங்க மூணு வருஷம் ஆச்சு. கத்துக்குடுத்தவர் எனக்கு முதல்ல சொல்லிக்குடுத்தது ஹார்ன். ‘மாஷிமா’ன்னு சித்தி முறை வச்சுக் கூப்பிட்டு, ‘இந்த ஊர்ல கண்ணைவிட ஹார்ன் முக்கியம்’னார். பரீட்சைக்குப் போனேன். ஒரு மைதானத்துல நாலு செங்கலை நட்டு வச்சிருந்தாங்க. முன்னாடி போகச் சொன்னாங்க, போனேன். பின்னாடி வரச் சொன்னாங்க, வந்தேன். அவ்வளவுதான், பாஸ். நடக்கிறவன் குறுக்க வந்தா என்ன செய்வே, மழையில பிரேக் பிடிக்காட்டா என்ன செய்வேன்னு ஒரு மனுஷனும் கேக்கலை. ஒருத்தர் மட்டும் ஒண்ணு கேட்டார், ‘உங்க வீட்டுக்காரருக்கு இது தெரியுமா’ன்னு. வீட்டுக்காரர் பக்கத்துலதான் வேர்த்து விறுவிறுத்து நின்னுக்கிட்டு இருந்தாங்க. அன்னைக்கு இருந்த லட்சணம் அதுதான். லைசென்ஸ் வாங்கினதுக்கு அப்புறம்தான் நான் ரோட்டுல ஒழுங்கா ஓட்டக் கத்துக்கிட்டேன், அதுவும் பயந்து பயந்து.

உனக்குப் பல் வலி வந்த அந்தப் புதன்கிழமைய நீ மறந்திருக்க மாட்டே. பதினஞ்சு வயசு உனக்கு, கன்னம் வீங்கி பன்னு மாதிரி இருந்துச்சு. அலிப்பூர்ல டாக்டர். பன்னெண்டரைக்குக் கிளம்பலாம்னு செருப்பு மாட்டினா, அப்பா வாசல்ல வந்து நிக்காங்க. ‘புதன்கிழமை பன்னெண்டுல இருந்து ஒண்ணரை ராகுகாலம். பிள்ளைக்குப் பல்லு பிடுங்கப் போற, நல்ல நேரம் பாக்க வேண்டாமா?’ன்னாங்க. நீ வலியில குதிக்கிறே, அவங்க அசையலை. ஒண்ணரை தாண்டினதும்தான் வண்டிய எடுக்க விட்டாங்க. நான் வழக்கமாப் போற ரோட்டுல நுழைஞ்சேன். நுழைஞ்சு பாத்தா, எதிர்ல ஒரு மினிபஸ், அதுக்குப் பின்னாடி டாக்ஸி, அதுக்குப் பின்னாடி இன்னொரு பஸ், எல்லாம் என்னைப் பாத்து வருது! இந்த ஊர் ரோட்டுக்குத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் புத்தி மாறுமே. காலையில ஒருவழி இந்தப் பக்கம், ஒரு மணிக்கு மேல அதே ரோடு அந்தப் பக்கம். பன்னெண்டரைக்குக் கிளம்பியிருந்தா ஒரு வம்பும் இல்லை. நல்ல நேரம் பாத்துக் கிளம்பினதால பஸ்ஸு வாயில போய் நின்னோம்.

வெள்ளை யூனிபார்ம் டிராபிக் சார்ஜென்ட் பைக்கை நிறுத்திட்டு வந்தார். நீ என்ன செஞ்சே? வீங்கின கன்னத்தோட கதவத் திறந்துக்கிட்டு இறங்கி, அவங்க ஊர்ப் பிள்ளையே தோத்துப் போற மாதிரி பெங்காலியில, ‘காக்கு’ன்னு சித்தப்பா முறை வச்சுக் கூப்பிட்டு, ‘எங்க தாத்தாவுக்கு ஆஸ்பத்திரியில மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கு, விட்டுருங்க’ன்னு அழுதே. தாத்தா அந்த நேரம் பாளையங்கோட்டையில வெத்தலைய மென்னுக்கிட்டு சீட்டு ஆடிக்கிட்டு இருந்திருப்பாங்க. பக்கத்து சீட்டுல இருந்த அப்பாவுக்கு உன் சாமர்த்தியத்தப் பாத்து வாயெல்லாம் பல்லு. எனக்கு வந்ததே ஆத்திரம். ‘ஓ மித்யே போல்சே’ன்னு, இவன் பொய் சொல்றான்னு, எனக்குத் தெரிஞ்ச ஓட்டைப் பெங்காலியில சொல்லிட்டு, ராகுகாலத்தால லேட் ஆச்சு, அதான் நேரம் மாறினதைக் கவனிக்கலைன்னு விளக்கம் குடுத்தேன். அவர் நோட்டுப் புத்தகத்த வச்சிக்கிட்டு, ‘ராகு யாரு? அவர் ஏன் லேட்டா வந்தார்? அவரும் வண்டியில இருக்காரா?’ன்னு சீட்டுக்குப் பின்னாடி எட்டிப் பாத்தார். அபராதம் போட்டுத்தான் விட்டார். நீ ரெண்டு நாள் என்கிட்ட பேசலை. ‘எல்லாரும் சொல்றதுதானேம்மா, நீ ஏன் என்னைக் காட்டிக் குடுத்தே’ன்னு கேட்டே. நான் ஒண்ணும் அரிச்சந்திரன் வீட்டுப் பொம்பளை இல்லைலே. தப்பான ரோட்டுல போனது நான். நான் போனதுக்கு நீ ஏன் ஒரு கிழவனச் சாகடிக்கணும்? அவ்வளவுதான் எனக்கு அன்னைக்குத் தோணுச்சு.

அதுக்கப்புறம் எல்லாம் ஒவ்வொண்ணா மாறிக்கிட்டு வந்துச்சு. சீட் பெல்ட் கட்டாயம்னாங்க. அப்பா பெல்ட்டை மாட்டாம, நெஞ்சுக்குக் குறுக்கே சும்மா பிடிச்சிக்கிட்டு உக்காருவாங்க, போலீஸ் நிக்கிற இடம் தாண்டினதும் விட்டுருவாங்க. டாக்ஸிக்காரங்க தோள்ல துண்டு போட்ட மாதிரிப் போட்டுக்கிட்டுப் போனாங்க. பைக்ல போறவங்க ஹெல்மெட்டை முழங்கையில மாட்டிக்கிட்டுப் போனாங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சவதான். பிறகு பழகிட்டு. இப்போ பெல்ட் போடாம உக்காந்தா எனக்கு ரவிக்கை ஹூக் போடாத மாதிரி இருக்கு. இப்போ என் லைசென்ஸைப் புதுப்பிக்கணும்னா டாக்டர் சர்ட்டிபிகேட் வேணுமாம். கண்ணு, ரத்த அழுத்தம், எல்லாம் பாப்பாங்களாம். நீ அன்னைக்குப் பைபாஸ்ல வந்துகிட்டே சொன்னே, ‘அம்மா, கேட் தூண்ல கண்ணாடிய உரசியிருக்கே, கண்ணுல புரை விழ ஆரம்பிச்சிருக்கு, இனிமே ஓட்டாதே, மத்தவங்க உயிருக்கும் ஆபத்து’ன்னு. அப்படிச் சொல்லிக்கிட்டே நீ ஹார்ன் அடிச்சே. அடிச்சிட்டு யாரையோ கெட்ட வார்த்தையில திட்டிட்டு, ‘ம், சொல்லும்மா’ன்னே. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கோபமும் வந்துச்சு. அடுத்த வாரம் கண் டாக்டர்கிட்ட போறேன். ஓட்டக் கூடாதுன்னு அவர் சொன்னா அன்னைக்கே சாவிய அப்பாகிட்ட குடுத்துட்டு ரிக்‌ஷாவுல வீட்டுக்கு வருவேன். அழுவேன், அது வேற விஷயம். ஆனா என் கண்ணை டாக்டர் பாப்பார். உன் காதை யாருலே பாக்கிறது?

இப்போ நான் சொல்லப் போறது உனக்குத் தெரியாத விஷயம். எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியாத விஷயம்னு சொல்லணும். ஷோமாவோட அப்பா அம்மா சாப்பிட வர்றாங்க, நானே தேங்காய்ப்பால் சொதி வைக்கப் போறேன்னு சொல்லி நீ பக்குவம் கேட்டியே, அன்னைக்கு. மூணாம் பால்ல காயை வேக வைக்கணும், அப்புறம் ரெண்டாம் பாலை ஊத்தணும்னு நான் சொல்லிக்கிட்டே வாரேன். ‘தலைப்பால் விட்டப்புறம் கொதிக்க விடலாமாம்மா?’ன்னு நீ கேட்டே. ‘கொதிக்க விட்டா திரிஞ்சு போகும்லே’ன்னு நான் சொல்லி முடிச்சேனோ இல்லையோ, பிரேக் சத்தம். தகரத்துல என்னமோ போய் இடிக்கிற சத்தம். அப்புறம் ஒரு மனுஷன் அலறல். உன் கையில இருந்து போன் எங்கயோ உருண்டு விழுந்துச்சு. நீ அதை எடுக்கவும் இல்லை, கட் பண்ணவும் இல்லை. கதவத் திறந்துட்டு இறங்கிட்டே.

நான் ‘ஐயா, ஐயா’ன்னு கத்துறேன். உனக்குக் கேக்கலை. எனக்கு எல்லாம் கேக்குது. ‘டிம்! அமார் டிம்!’னு அந்த ஆள் அழுறார். சைக்கிள்ல முட்டைத் தட்டு அடுக்கிக் கட்டிக்கிட்டுப் போற ஆள்னு பேச்சுல தெரிஞ்சுது. வீட்டுக்குள்ள முட்டையே நுழைய விடாதவ நான், எனக்கு இந்த ஊர்ல வந்து தெரிஞ்ச வார்த்தை அது. தன் கை கால் இருக்கா போச்சான்னு பாக்காம, என் முட்டை, என் முட்டைன்னு அழுறார். நீ உயிரோட இருக்கேன்னு உன் குரலைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. கூட்டம் கூடிட்டு. யாரோ ஒருத்தன் சத்தம் போடுறான், ‘நீங்க போன்ல பேசிக்கிட்டே வந்தீங்க, நான் பாத்தேன்’னு. அப்போ நீ சொன்னே. பதட்டமே இல்லாம, நல்லாத் தெளிவாச் சொன்னே. ‘நா நா, கார் ஷொங்கே கொதா போல்போ?’ இல்லையில்லை, நான் யாரோட பேசப் போறேன்னு.

என்னோடலே. என்னோடதான் பேசிக்கிட்டு இருந்தே. நீ அப்படிச் சொல்லும்போது நான் உன் சீட்டுக்கு அடியில கிடந்தேன், உன் அம்மா. நான் ஒரு சத்தம் போட்டிருந்தா அந்தக் கூட்டத்துக்குக் கேட்டிருக்கும். போடலை. முந்தானைய எடுத்து வாயில அடைச்சிக்கிட்டேன். இந்த ஊர்க் கூட்டம் டிரைவர் மேல ஒரு தடவை கைய வச்சா அப்புறம் நிறுத்தாது, அதை நான் என் கண்ணால பாத்திருக்கேன். என் பிள்ளைய அடிச்சிரக் கூடாதேன்னு பேசாம இருந்துட்டேன். அன்னைக்கு சார்ஜென்ட் முன்னாடி உன்னைக் காட்டிக் குடுத்த அதே பொம்பளைதான். நீயும் பயத்துலதான் சொல்லியிருப்பே, எனக்குப் புரியாம இல்லை. அந்த ஆள் தானா வந்து குறுக்க விழுந்தார்னு கூட்டமும் ஒரு மாதிரி ஒத்துக்கிட்டு. முழங்கைத் தோல் உரிஞ்சதோட போச்சுன்னு யாரோ சொன்னது கேட்டுச்சு. அவர் கையில நீ எதையோ குடுத்துச் சரிக்கட்டினே. நீ திரும்பி வந்து கதவச் சாத்தின சத்தம் கேட்டதும் நானே கட் பண்ணிட்டேன். அப்படியே தரையில உக்காந்துட்டேன். அப்பா குளிச்சிட்டு வந்து ‘என்னட்டி, அடுப்பப் பாக்காம உக்காந்திருக்கே’ன்னு கேட்டாங்க, தலை சுத்துதுன்னேன். இன்னைக்கு வரைக்கும் அவங்ககிட்ட நான் இதைச் சொல்லலை.

மறுநாள் அதே நேரத்துக்கு, அதே ரோட்டுல இருந்து நீ கூப்பிட்டே. எடுத்தேன். நீயா சொல்லுவேன்னு நினைச்சேன். ‘நேத்து லைன் கட்டாயிட்டும்மா, டவர் இல்லை. அப்புறம், தலைப்பால் விட்டா கொதிக்க விடக் கூடாது, அப்படித்தானே?’ன்னு கேட்டே. பின்னாடி இண்டிகேட்டர் அடிக்குது. ஆமான்னு சொல்லிட்டு வச்சிட்டேன். அதுதான் நான் கடைசியா எடுத்த போன். அந்தக் கூட்டத்துகிட்ட நீ சொன்னது எனக்கு வலிச்சுதுன்னா, என்கிட்ட சொன்னது அதைவிட வலிச்சுது. அதைக்கூட விடு. மறுநாளே, அந்த முட்டை நாத்தம் டயர்ல இருந்து போறதுக்கு முன்னாடி, மறுபடி ஒரு கையில என்னைத் தூக்கிட்டியேலே. அதுதான் என்னால தாங்க முடியலை.

காதுல மாட்டுற வயர் ஒண்ணு வாங்கிக்கிறேன், ரெண்டு கையும் காலியா இருக்கும்னு நீ சொல்லுவே. எனக்குத் தெரியும், உன் வாய்க்கு எப்பவும் ஒரு பதில் இருக்கும். அன்னைக்கு இடிச்சது உன் கையா? ஒரு கை ஸ்டீரிங்குலதான் இருந்திருக்கும், கண்ணும் ரோட்டுலதான் இருந்திருக்கும். நீதான் அங்க இல்லை. நீ நம்ம வீட்டு அடுக்களையில, என் பக்கத்துல நின்னு தேங்காய்ப்பால் ஊத்திக்கிட்டு இருந்தே. நான்தான் உன்னைக் கூப்பிட்டு வச்சிருந்தேன். நீ வைக்கட்டான்னு கேக்கிறப்ப எல்லாம் இருலே இருலேன்னு பிடிச்சு வச்சது யாரு? ஷோமா போன வாரம் எனக்குப் போன் போட்டா. ‘மா, நீங்க ஏன் எடுக்க மாட்டேங்கிறீங்க? அவன் வீட்டுக்கு வந்தா லேப்டாப்புதான், என்கிட்டகூடப் பேசுறதில்லை. உங்ககிட்டதான் பேசுவான், இப்போ அதுவும் இல்லாம உம்முன்னு இருக்கான்’னா. வண்டிக்குள்ள மட்டும் பேச வர்ற பிள்ளையப் பெத்து வச்சிருக்கேனேன்னு இருந்துச்சு. நீ வீட்டுல உக்காந்து பேசினா என்ன, உன் நாக்கு என்ன பெட்ரோல்லயா ஓடுது?

ஒண்ணு செய்யி. அந்த முட்டைக்காரரைப் போய்ப் பாரு. எங்க தேடுறதுன்னு கேக்காதே. நீ தினமும் அந்த வழியாத்தான் போறே, அவரும் தினமும் அந்த வழியாத்தான் போவார், அவர் பிழைப்பு அதுதானே. வண்டிய ஓரங்கட்டிட்டு இறங்கிப் போய், நான் போன்ல பேசிக்கிட்டு வந்தேன், என் அம்மாவோட பேசிக்கிட்டு வந்தேன்னு சொல்லு. அவர் ரெண்டு வார்த்தை திட்டினா வாங்கிக்கோ. என்னையும் சேத்துத் திட்டட்டும். வேணும்னா நானும் வாரேன், கூட நிக்கிறேன். அந்த மனுஷன் இத்தனை நாளா, தப்பு தன் மேலதான்னு நினைச்சிக்கிட்டு சைக்கிள் மிதிச்சிக்கிட்டு இருப்பார். அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கலை. இது உன்னை வெக்கப்படுத்தணும்னு சொல்றது இல்லை ஐயா. உன்னால முடியும்னு தெரிஞ்சுதான் சொல்றேன்.

இவ்வளவு எழுதுறதுக்குள்ள சாயங்காலம் ஆயிட்டு. நீ ஆபீஸ்ல இருந்து இறங்கியிருப்பே. பைபாஸ்ல ஏறியிருப்பே. நான் வேணும்னே கடிகாரத்தப் பாக்காம இருக்கேன். அப்பா எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில உக்காந்துட்டாங்க.

இதோ அடிக்குது. மேஜை மேல நடுங்கிக்கிட்டு நகருது, உன் பேர் தெரியுது. அப்பா கை ஒரு பக்கம் போகுது, என்னைப் பாத்துட்டுத் திரும்பி வருது. எடுடி, எடுடின்னு எனக்குள்ளயே ஒருத்தி கத்துறா. அடிக்கிற வரைக்கும் நீ நல்லா இருக்கேன்னு தெரியுது. அடிக்கிற வரைக்கும் உன் ஒரு கை ஸ்டீரிங்குல இல்லைன்னும் தெரியுது. இந்த ரெண்டையும் ஒரே சத்தத்துல எந்தத் தாயாலயாவது கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க முடியுமாலே?

சத்தம் நின்னுட்டு. இப்போ நீ ரோட்டைப் பாத்து ஓட்டிக்கிட்டு இருப்பேன்னு நினைச்சிக்கிறேன்.

மறுபடியும் அடிக்குது. எடுக்க மாட்டேன் ஐயா. வீட்டுக்குப் போ. வண்டிய நிறுத்து, சாவிய எடு, மாடி ஏறு, செருப்பக் கழத்திப் போடு. அப்புறம் கூப்பிடு. இந்த மேஜைய விட்டு நான் எங்கயும் போகலை.

அம்மா